ஜனவரி பிறந்த பிறகு எழுதிய பிறப்பு: மும்பையில் அக்காவின் சான்றிதழைத் தேடிய அனுபவம்

சிங்கப்பூரிலிருந்து அக்கா கூப்பிட்டபோது சிறிய வேலை என்றுதான் சொன்னாள். அங்கே நிரந்தரவாச அனுமதிக்கு விண்ணப்பிக்கிறாள். பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். "வார்டு ஆபீசுக்குப் போய் ஒரு நகல் வாங்கி அனுப்பு தம்பி. அரை நாளில் முடிந்துவிடும்" என்றாள். ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரத்தில் தெரிந்துகொண்டவற்றை எழுதி வைக்கிறேன். மும்பையில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இதே சிக்கல் வரும். வரும்போது என்னைப்போல் அவர்கள் அலையக் கூடாது.

அசல் சான்றிதழ் எங்களிடம் ஒரு காலத்தில் இருந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தாராவியில் எங்கள் சால் (வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பு) வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை மறுநாள் திறந்தபோது உள்ளே இருந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகியிருந்தன. பரணில் இருந்ததால் ரேஷன் அட்டையும் பள்ளிச் சான்றிதழ்களும் தப்பின. அக்கா பிறந்தது 1981இல். 1989 ஜனவரி 26க்கு முன் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பள்ளிச் சான்றிதழே போதும் என்பது அன்றைய விதி. ஆகவே அவள் பாஸ்போர்ட் எடுத்தாள், கல்யாணமாகிக் கடல் கடந்தாள், பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்ற நினைப்பே இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் வரவில்லை.

முதல் குழப்பம் ‘நகல்’ என்ற சொல்லிலேயே தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர், "பழைய ஜெராக்ஸ் ஏதாவது இருந்தால் நோட்டரியிடம் முத்திரை குத்தி வாங்கிக்கொள்" என்றார். அவர் சொன்னது வேறு, நமக்கு வேண்டியது வேறு. நோட்டரி தன் முன்னால் வைத்த தாளைப் பார்த்து, ஒளிநகல் அதைப் போலவே இருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும். சான்றளிக்கப்பட்ட நகல் என்பது, மூலப் பதிவேட்டைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் அலுவலர் அந்த ஏட்டைப் பார்த்து எழுதி, கையெழுத்தும் பதவியும் தேதியும் முத்திரையும் இட்டுத் தருவது. பிறப்பைப் பொறுத்தவரை அந்த அலுவலர் பிறப்பு இறப்புப் பதிவாளர். நம் பெட்டியில் இருந்த காகிதம் மழையில் போனாலும் அவரிடம் உள்ள ஏட்டில் அந்த வரி இருக்கும். பிறப்புப் பதிவேடு நிரந்தர ஆவணம், அதை அழிக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

அந்த ஏடு எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. மும்பை மாநகராட்சி எழுத்துகளால் பெயரிட்ட வார்டுகளாகப் பிரிந்திருக்கிறது. தாராவி ஜி வடக்கு வார்டில் வரும்; சயானும் மாட்டுங்காவும் எஃப் வடக்கு வார்டில் வரும். நாங்கள் தாராவிக்காரர்கள் என்பதால் நேரே ஜி வடக்கு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். அங்கே இருந்தவர், "குடியிருந்தது எங்கே என்பது வேண்டாம், பிறந்தது எங்கே?" என்று கேட்டார். அவர் கேட்டதுதான் சரி. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பு நிகழ்ந்த இடத்தின் பதிவாளரிடம்தான் பதிவு இருக்கும். தாராவியில் வாழ்ந்து சயானில் உள்ள மருத்துவமனையில் பிள்ளை பெற்றவர்களுக்குப் பதிவு சயான் பக்கத்து வார்டில்.

எங்கள் வீடுகளில் இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து ரயிலேற்றி விடுவார்கள். அதனால் மும்பையிலேயே வளர்ந்து, தமிழைவிட மராத்தி சரளமாகப் பேசும் மூத்த பிள்ளைகள் பலர் உண்மையில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர்கள். என் பெரியம்மா மகன் தன் பதிவை மும்பையில் மூன்று மாதம் தேடினான். கடைசியில் அது ஊரில், சார் பதிவாளர் அலுவலகத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் கிராமப் பகுதிகளின் பழைய பிறப்பு ஏடுகள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே படிவத்தைத் தொடுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த ஊரில், எந்தக் கட்டிடத்தில் பிரசவம் என்பதுதான்.

எங்கள் அத்தை, அக்கா ஊரில்தான் பிறந்தாள் என்று அடித்துச் சொன்னாள். அம்மா இல்லை என்றாள். ஒன்பதாம் மாதம் ரத்தக் கொதிப்பு ஏறி, ரயிலில் போகக் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டாராம். ஊரிலிருந்து ஆச்சிதான் கிளம்பி வந்திருக்கிறாள். பிரசவம் நடந்தது வேறொரு வார்டில், ஒரு தரும அறக்கட்டளை நடத்திய சிறிய பிரசவ இல்லத்தில். நான் தேடிப் போனபோது அந்த இடத்தில் உயரமான அடுக்குமாடிக் கட்டிடம் நின்றது. இல்லம் மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று வாசலில் பூ விற்ற அம்மா சொன்னாள். அதனால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. பிரசவம் நடந்த நிறுவனத்தின் பொறுப்பாளரே பிறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இல்லம் போனாலும் அது அனுப்பிய தகவல் வார்டு ஏட்டில் ஏறியிருக்கும்.

அந்த வார்டு அலுவலகத்தின் பெயரைச் சொல்ல நான் விரும்பவில்லை. விண்ணப்பத்தோடு அக்கா கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், அவளுடைய பாஸ்போர்ட் நகல், என் ஆதார் நகல் ஆகியவற்றைக் கொண்டுபோனேன். பதிவேட்டில் தேடச் சொல்லிச் சான்று வாங்க யாருக்கும் உரிமை உண்டு என்று சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் நடைமுறையில் அனுமதிக் கடிதம் கேட்கிறார்கள். அடுத்தவர் பெயரில் சான்றிதழ் வாங்கி ஏமாற்றும் காலத்தில் அப்படிக் கேட்பது நியாயம்தான். தேடும் கட்டணம் ஆண்டுக் கணக்கில் போடப்படும். 1979 முதல் 1983 வரை பாருங்கள் என்றால் ஐந்து ஆண்டுக்கு. தொகை பெரிதில்லை, ஆனால் ஐந்து ஏடுகளைப் புரட்டுவதற்கும் ஓர் ஏட்டைப் புரட்டுவதற்கும் உள்ள வித்தியாசம், அந்த வேலையைச் செய்யும் ஊழியரின் பொறுமையில் தெரியும்.

நான் 1981 டிசம்பர் 27 என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை "உத்யா யா" என்றார்கள், நாளை வா என்று. மூன்றாம் முறை போனபோது 1981ஆம் ஆண்டு ஏட்டில் அப்படிப் பதிவே இல்லை, வேண்டுமானால் ‘பதிவு இல்லை’ என்ற சான்று தருகிறோம் என்றார்கள். படிவம் 10 என்பது அதுதான்.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். வாசலிலேயே ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சான்றை வாங்கிக் கொடுங்கள், பிரமாணப் பத்திரம் தயார் செய்து, தாமதப் பதிவுக்கு உத்தரவு வாங்கி, இரண்டே வாரத்தில் புதிய ஜன்ம தாக்லா, அதாவது பிறப்புச் சான்றிதழ், கையில் தருகிறேன் என்று ஒரு தொகையும் சொன்னார். எனக்கு ஒரு கணம் ஆசை வந்தது உண்மை. ஆனால் அந்த வழி எதற்காக இருக்கிறது என்பதை யோசிக்க வேண்டும். பிறப்பு பதிவே ஆகாமல் ஓராண்டு கடந்துவிட்டவர்களுக்காக உள்ள வழி அது. முன்பு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகு மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்ட அளவிலான மாஜிஸ்திரேட்டின் உத்தரவு. உண்மையிலேயே வீட்டில் பிறந்து யாரும் பதியாமல் விட்டவர்களுக்கு அது பெரிய உதவி. ஏற்கெனவே பதிவான ஒருவர் அதில் நுழைந்தால் ஒரே மனிதருக்கு இரண்டு பதிவெண்கள் உண்டாகும். தெரிந்தே பொய்த் தகவல் தருவது சட்டப்படி குற்றம். அதைவிட, பத்தாண்டு கழித்து வெளிநாட்டு அலுவலகம் ஒன்று இரண்டு பதிவையும் எதிரெதிரே வைத்துக் கேட்டால் அக்கா என்ன பதில் சொல்வாள்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று இரவு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். அம்மாவுக்குத் தேதிகள் நினைவில் நிற்காது. மாதங்களும் பண்டிகைகளும் நிற்கும். "மார்கழி. ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் பிறந்தாள். உங்கள் அப்பா பொங்கல் கழிந்து போய்த்தான் அந்தக் காகிதத்தை வாங்கிவந்தார். அதற்கு முன்னால் ஒருமுறை போனபோது, ‘இன்னும் ஏறவில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள்" என்றாள்.

‘இன்னும் ஏறவில்லை.’ அந்த இரண்டு சொற்களில் எல்லாம் இருந்தது. பதிவெண் ஜனவரி முதல் தேதி ஒன்றில் தொடங்கி டிசம்பர் கடைசியில் முடியும். டிசம்பர் இறுதியில் பிறந்த குழந்தையைப் பற்றிய தகவல் ஜனவரியில் வந்து சேர்ந்தால் அது அடுத்த ஆண்டின் ஏட்டில்தான் இருக்கும். அக்கா பிறந்தது 1981, எழுதப்பட்டது 1982. மார்கழியில் பிறந்தவர்கள் எல்லோரும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதியோடு நிற்காமல், பதிவான தேதி அதற்குப் பிறகு எத்தனை நாளில் இருக்கலாம் என்றும் கணக்கிட்டுத் தேடச் சொல்ல வேண்டும்.

மறுநாள் 1982க்கும் கட்டணம் கட்டி ரசீது வாங்கினேன். ரசீது முக்கியம். பொதுச் சேவைகளைக் குறித்த காலத்துக்குள் பெறும் உரிமைக்கு மகாராஷ்டிரத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; தாமதமானால் மேல்முறையீடு செய்யலாம். கையில் விண்ணப்ப எண் இல்லாதவன் அதைக் கேட்க முடியாது. இந்த முறை ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஓர் ஊழியர் ஏட்டை எடுத்தார். அவர் செய்த உதவியை நான் மறக்க மாட்டேன். அப்பா பெயரைச் சொன்னேன். ஜனவரிப் பக்கங்களில் இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "அம்மா பெயர் சொல்லு. எழுதினவன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துச் சொல்லு" என்றார் மராத்தியில்.

எங்கள் ஊர்ப் பெயர்கள் மராத்திக் காதுக்குப் பழக்கமில்லாதவை. சுடலையும் பேச்சியும் இசக்கியும் அந்த எழுத்தரின் பேனாவில் என்னவாக மாறியிருக்கும்? அப்பா பெயர் ‘சுடலை’ என்று தொடங்கும், அம்மா பெயர் ‘பேச்சி’ என்று தொடங்கும். நான் பெயரைத் தமிழ் போலச் சொல்லாமல், மராத்தியில் ஒருவர் திருப்பிச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் விரலைப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓட்டிக்கொண்டே போனார். ஜனவரி ஆறாம் தேதிப் பதிவில் விரல் நின்றது. அம்மா பெயர் ‘பெசீ’ என்று பாதியாகக் கிடந்தது. பிரசவ இல்லத்தின் பெயர் சரி. பிறந்த தேதி சரி. குழந்தையின் பெயர் சரி. தந்தை பெயர் கட்டத்தில் ‘சுடலே’ என்று முடிந்து, அதற்கு முன்னால் வேறொரு பெயர் பெரிதாக நின்றது. அது எங்கள் தாத்தாவின் பெயர்.

அங்கே எல்லோரிடமும் ‘ஆட்நாவ்’ கேட்பார்கள், அதாவது குடும்பப் பெயர். நமக்கு இருப்பது தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும். ஆட்நாவ் என்ன என்று கேட்டபோது அப்பா விழித்திருப்பார். பிறகு தன் தகப்பன் பெயரைச் சொல்லியிருப்பார். எழுத்தர் அதை முதலில் எழுதிவிட்டார். நான் அப்பா பெயரில் தேடிக்கொண்டிருந்தேன். பதிவோ தாத்தா பெயரின் கீழ் இருந்தது. மும்பைத் தமிழர்கள் தேடும்போது அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர்ப் பெயர், சாதிப் பெயர் என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போக வேண்டும். இவற்றில் எதை அன்று ஆட்நாவாகச் சொன்னார்கள் என்பது சொன்னவருக்கு மட்டுமே தெரியும். அப்பா இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே அம்மாவின் பெயரும் பிரசவம் நடந்த இடமும்தான் பெரிய துணை.

இனி அச்சிடுவதுதானே என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஏடு மராத்தியில் மட்டும் இருந்தது. தரும் சான்றிதழ் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அந்த ஆங்கில எழுத்துக்கூட்டு, அன்று கணினி முன் உட்கார்ந்திருப்பவரின் விரலில் பிறக்கிறது. அந்த நேரத்தில் கூடவே நிற்க வேண்டும். நான் அக்காவின் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து, அவள் பெயரின் எழுத்துக்கூட்டை அதைப் பார்த்து அடிக்கச் சொன்னேன். அச்சுக்குப் போகும் முன் திரையைப் பார்க்க அனுமதி கேட்டேன், காட்டினார்கள். பதிவெண், பதிவான தேதி, பிறந்த தேதி, பாலினம், பெற்றோர் பெயர், முத்திரை, கையெழுத்து எல்லாவற்றையும் அங்கேயே நின்று வாசித்தேன். வீட்டுக்கு வந்து கண்டுபிடித்த பிழைக்கு மறுபடியும் வரிசை.

அம்மா பெயர் பாதியாக நின்றதையும் அப்பா பெயர் ‘சுடலே’ ஆனதையும் அவர்களால் தாமாக மாற்ற முடியாது. ஏட்டில் உள்ளபடிதான் நகல் தர முடியும், அதுதானே சான்றளிப்பதன் பொருள். திருத்தம் வேண்டுமானால் 15ஆம் பிரிவின் கீழ் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பரணில் தப்பிய ரேஷன் அட்டை, அக்காவின் பள்ளிச் சான்றிதழ், அப்பாவின் வாக்காளர் அட்டை நகல், அம்மாவின் ஆதார், ஒரு பிரமாணப் பத்திரம் ஆகியவற்றைக் கொடுத்தேன். ஏழு வாரத்தில் ஐந்து வாரம் இதற்குத்தான் போயிற்று. சட்டம் இதற்கு வகுத்திருக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது: பழைய எழுத்தை அடிப்பதோ அழிப்பதோ கிடையாது. பதிவாளர் ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதி, கையெழுத்தும் தேதியும் இடுவார். 1982இல் ஒருவர் கேட்டு எழுதியதும் இன்று நாம் சொல்லி எழுதியதும் ஒரே பக்கத்தில் இருக்கும்.

கையில் வந்த சான்றிதழை லாமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆவணத்தின் பின்பக்கத்தில் முத்திரையோ ஒட்டுவில்லையோ வைக்க வேண்டி வரும். பிளாஸ்டிக் போட்ட தாளில் அது நடக்காது. நான் நான்கு நகல் வாங்கினேன். ஒன்று சிங்கப்பூருக்கு, ஒன்று அம்மாவிடம், ஒன்று என்னிடம், ஒன்று ஊரில் மாமா வீட்டில். ஒரே தகரப் பெட்டியில் எல்லாவற்றையும் வைத்த தவறை ஒரு குடும்பம் ஒருமுறைதான் செய்ய வேண்டும்.

புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவமனையில் பிறப்புத் தகவல் படிவத்தை நிரப்பும்போது வாயால் சொல்லாதீர்கள். பெற்றோர் இருவரின் ஆதார் அட்டையில் உள்ளபடி பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள். 21 நாளுக்குள் பதிவாகிவிட்டதா என்று கேளுங்கள். பதிவின்போது பெயர் வைக்காமல் விட்டிருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. பேர்சூட்டு விழா வரட்டும், ஜோசியர் எழுத்துச் சொல்லட்டும் என்று காத்திருந்து அப்படியே மறந்துபோன குடும்பங்கள் எங்கள் சாலிலேயே இரண்டு இருக்கின்றன. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். அக்காவைப் போலப் பள்ளிச் சான்றிதழைக் காட்டிக் கடந்துபோக அவர்களால் முடியாது.

திருத்த விண்ணப்பம் கொடுக்கும் நாளுக்கு முந்தைய இரவு அக்காவிடம் பேசினேன். அம்மா பெயரை முழுதாக்கலாம், அப்பா பெயரின் எழுத்துக்கூட்டைச் சரிசெய்யலாம். அதோடு ஆட்நாவ் இடத்தில் உள்ள தாத்தா பெயரையும் எடுத்துவிடக் கேட்கலாமா என்றேன். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் தனியாகத்தானே இருக்கிறது, ஒத்துப்போகுமே என்பது என் எண்ணம்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. தாத்தா பம்பாயைப் பார்த்ததே இல்லை. பனையேறிக்கொண்டே இருந்து ஊரிலேயே கண்ணை மூடியவர். அவர் பெயர் எழுதிய அரசாங்கக் காகிதம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது.

"அதற்கு வேண்டுமானால் தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்துக்கொள்கிறேன். தாத்தா பெயர் இருக்கட்டும் தம்பி" என்றாள்.